சுக்கு வாசனையும் வேகப் பாட்டும்

பள்ளுருத்தியிலிருந்து பழுதுபார்க்க வந்த பழைய ரெக்கார்டு பிளேயரின் அடித்தகட்டைக் கழற்றியதும் சுக்குத்தூள் வாசனை குப்பென்று ஏறியது. அப்போதிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் இல்லாத பாகத்தை லேத்தில் கடைந்து பாடவைக்க இந்தக் கொச்சியில் என்னை விட்டால் ஆளில்லை.

மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குகளுக்கு நடுவே, இன்று ஏசி ஓட்டல் நிற்கும் இடத்தில், மம்மதுக்காவின் சாயாக்கடை இருந்தது. அவருடைய பிளேயரில் மோட்டார் தண்டின் பித்தளை உறை தொலைந்து, பதிலுக்கு சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார். தண்டு தடித்ததால் தட்டு வேகமாகச் சுழல, பாடகி சிறுமியின் குரலில் பாட, அந்த ஓட்டத்துக்கே மூட்டை தூக்குகிறவர்கள் நடக்க, பாட்டென்றால் அப்படித்தான் என்று நானும் வளர்ந்தேன்.

"இக்கா, இவளுக்கு ஆலுவா வண்டியைப் பிடிக்கணுமா?" என்பார் மூட்டைக்காரர் ஒருவர்.

"நீ சாயாவைக் குடிடா, அவ போய்ச் சேருவா" என்பார் இக்கா.

இந்தப் பிளேயரிலும் அதே உறைதான் இல்லை. அளவு பிசகாமல் கடைந்து போட்டு, என்னிடமிருந்த அந்தச் சாயாக்கடைப் பாட்டின் ரெக்கார்டையே வைத்தேன். சரியான வேகத்தில், யாரோ ஒரு பெரிய மனுஷி பாடினாள்.

நாளை பிளேயருக்குச் சொந்தக்காரர் வருவதற்குள் அந்தச் சிறுமியை ஒரு தடவை கேட்டாக வேண்டும். உறையைக் கழற்றிவிட்டு டியூப் தேடி வீடெல்லாம் அலைகிறேன். வாசலில் இரண்டு கார் நிற்கிறது, சைக்கிள்தான் இல்லை.