அந்தியேட்டி வரை பொறுத்த அறிவித்தல்

1. சீல் வைத்த கதவு

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒலிப்பதிவுக் கொம்பனியின் கதவுக்கு சீல் வைத்த அன்று, உள்ளே என்னுடைய சாப்பாட்டுப் பெட்டியும் புவனேஸ் அக்காவின் குரலும் அகப்பட்டுக்கொண்டன. பெட்டியை மறுநாளே தந்துவிட்டார்கள்.

நான் தீவுப்பக்கத்து மடத்துவெளிக்காரி. பாடகர்களின் ஒப்பந்தங்களைப் பார்ப்பது அங்கே என் வேலை. முதலாளி சுருவிலைச் சேர்ந்தவர். தீவுக் கோயில்களுக்கெல்லாம் பக்திப்பாடல் இறுவட்டு வெளியிட்டவர். நல்ல மனிதர், கடன் வாங்கும்போது மட்டும் கண்மண் தெரியாது. புளியங்கூடல் புவனேஸ் அக்கா எங்களுக்காக அம்மன் பாடல்களை எழுதி, மெட்டுப்போட்டுப் பாடியவர். பிறகு கழுத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. பேச்சு வெறும் காற்றாகத்தான் வரும், பாட்டு வராது. இனி அவருடைய பாட்டு என்றால் எங்கள் ஹார்ட் டிஸ்க்கில் வெளிவராமல் கிடந்த மாஸ்டர் பதிவுதான். அதைத் திருப்பி வாங்கி, யாரும் கேட்கும்படி இணையத்தில் விடவேண்டும் என்பது அவர் ஆசை.

2. ஒரு கையெழுத்து

ஒப்பந்தப்படி எல்லா உரிமையும் கொம்பனிக்கு. ஆனால் பாடல்களைக் கொம்பனி வெளியிடாமல் போட்டு வைத்தால், பாடியவர் எழுத்தில் அறிவித்தல் கொடுத்து உரிமையைத் திருப்பி எடுக்கலாம். கொம்பனியைக் கலைக்கும்படி நீதிமன்றம் கட்டளையிடுவதற்கு முன் அதைக் கொடுக்கவேண்டும். கட்டளை வந்தால் பாட்டும் கதிரை மேசைபோலக் கொம்பனியின் சொத்து, கடனுக்கு விற்கப்படும்.

வங்கி வழக்குப் போட்டுவிட்டது என்று தெரிந்ததும் அறிவித்தலை நானே டைப் பண்ணி, பஸ் பிடித்துப் புளியங்கூடலுக்குக் கொண்டுபோனேன். அக்கா பேனையை எடுக்கவில்லை. முதலாளியின் தகப்பனார் செத்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை துக்கவீட்டாரிடம் வழக்கு வம்பு பேசுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை.

“செத்தவீட்டுக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லுறீரோ? அந்தியேட்டி முடியட்டும்,” என்றார்.

“கோர்ட் அந்தியேட்டி பாக்காது அக்கா.”

“அது பாக்காட்டி நாங்கள் பாக்கவேணும்.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் குரலில் சண்டை பிடிக்கவும் ஏலாத மனுசியோடு என்ன செய்வது? திரும்பி வந்துவிட்டேன். அந்தியேட்டிக்குப் போய்ச் சாப்பிட்டு வந்த மறுநாள் அக்கா கையெழுத்துப் போட்டார். நீதிமன்றக் கட்டளை அதற்கு முந்திய கிழமையே வந்திருந்தது.

3. லிக்விடேட்டரின் அறை

லிக்விடேட்டர் என்பவர் முறிந்த கொம்பனியின் சொத்தை விற்றுக் கடன் தீர்க்க நீதிமன்றம் நியமிக்கும் ஆள். அவர் அக்காவுக்குக் கதிரை இழுத்துப் போட்டார், தேத்தண்ணி கொடுத்தார். ஆனால் கட்டளைக்குப் பிந்திய அறிவித்தலை ஏற்கத் தனக்கு அதிகாரமில்லை என்று சொல்லிவிட்டார். ஏன் முந்தியே தரவில்லை என்று கேட்டார். அக்கா காரணத்தைச் சொன்னார். காற்றாக வந்த சொற்களை நான்தான் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

முதலாளியும் அந்த அறையில்தான் இருந்தார். தலை மொட்டை, மயிர் இன்னும் சரியாக முளைக்கவில்லை.

“செத்தவீட்டிலயே தந்திருக்கலாம் அக்கா,” என்றார். “நான் கோவிச்சிருக்க மாட்டன்.”

எனக்கு அந்த மனிதரின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

பாடல்கள் எல்லாம் மொத்தமாகக் கொழும்புக் கொம்பனி ஒன்றுக்குப் போயின. அவர்கள் இசையை வைத்துக்கொண்டு அக்காவின் குரலை எடுத்துவிட்டு, வேறொரு பெண்ணைப் பாடவைத்து வெளியிட்டார்கள். புளியங்கூடல் அம்மன் திருவிழாவில் லவுட்ஸ்பீக்கரில் அதுதான் போனது. அக்கா கடைசிவரை இருந்து கேட்டார்.

“பிள்ளை நல்லாத்தான் பாடுது,” என்றார். நான் அழுதுவிட்டேன்.

இப்போது ஒப்பந்தத்தோடு என்னிடம் வருகிற பாடகர்களுக்கு நான் ஒன்றைத்தான் சொல்வேன். அறிவித்தலைத் தபாலில் போடுங்கள், கையோடு செத்தவீட்டுக்கும் போங்கள். போய் வாய்விட்டு அழுங்கள், தேவாரமும் பாடுங்கள். ஆனால் தபால் முதல். இதைச் சொல்லும்போது என் வாய் கூசுகிறது. அக்கா செய்தது பிழை என்று சொல்ல இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை.