விரல் நீட்டக் கூடாத தோட்டம்

விடிந்ததும் லியெம் பல் தேய்க்க மாட்டார், தர்பூசணியைத் தட்டுவார். வைக்கோல் மேல் படுத்திருக்கும் காயை மடக்கிய நடுவிரலால் இரண்டு தட்டு. பிறகு மண்டியிட்டுக் காதை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார். கேட்டு முடித்து "ம்" என்பார். பாத்தியில் இருப்பது நான்கு காய். இரண்டு பெரியது, இரண்டு பிஞ்சு. பிஞ்சுக்கும் அதே மரியாதைதான். காய் என்ன சொல்லிற்று என்று மனைவி ஹுவே கேட்டால், "அது எனக்கும் அதுக்கும் உள்ள பேச்சு" என்று எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொள்வார்.

முப்பத்தோரு வருடம் சாதெக் ஆற்றுத்துறையில் படகுச் சீட்டுக் கிழித்தவர். பாலம் வந்தது, படகு நின்றது, லியெம் வீட்டுக்கு வந்தார். கூடவே துறையின் ஊதலும் வந்துவிட்டது. அது இப்போது அவர் கழுத்தில் தொங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரி டியெப்பின் வாத்துகள் வேலிக்குள் தலை நீட்டினால் ஒரு ஊது. மனிதர்கள் நுழைந்தால் இரண்டு ஊது. வாத்துகள் திரும்பிவிடும். மனிதர்கள்தான் நின்று காரணம் கேட்பார்கள்.

காரணம் விரல். பிஞ்சை நோக்கி விரல் நீட்டினால் அது அழுகிவிடும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோரும் நம்புவதுதான். மற்றவர்கள் நம்பிவிட்டுச் சும்மா இருப்பார்கள். லியெம் அதைச் சட்டமாக்கியிருந்தார். காட்ட வேண்டுமென்றால் முஷ்டியால் காட்டலாம், மோவாயால் காட்டலாம். மின்கணக்கு எடுக்க வந்தவர் மீட்டர் எங்கே என்று கையை நீட்டிவிட, விரல் போன திசையில் பிஞ்சு இருந்ததா என்று லியெம் கயிறு பிடித்துப் பார்த்தார். அரை முழம் தள்ளித்தான் போயிருந்தது. "தப்பிச்சீங்க" என்று அவரை அனுப்பி வைத்தார்.

பூ பூத்த வாரத்தில் இன்னும் வேடிக்கை. காலை ஏழு மணிக்குள் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் மேல் தடவ வேண்டும். வண்டுகள் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அந்தக் காரியத்துக்குத் துறையில் போட்ட நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தார்.

"பூவுக்கு என்னத்துக்குங்க சட்டை?" என்றாள் ஹுவே.

"கல்யாணத்துக்கு பனியனோட வருவாங்களா?"

தெருவில் யார் வீட்டில் எந்தச் செடி வாடினாலும் கூப்பிடாமலே போய் நிற்பார். மண்ணை முகர்ந்து, உப்பு என்பார், இல்லாவிட்டால் திசை சரியில்லை என்பார். இதில் ஒரே சங்கடம், இத்தனை வருடத்தில் அவர் தோட்டத்திலிருந்து ஒரு நல்ல பழமும் வெளியே வந்ததில்லை. முதல் வருடம் எலி, மறு வருடம் மழை, போன வருடம் விதைக்காரன். ஆடத் தெரியாதவனுக்கு ஒரு மேடைதான் கோணல். லியெமுக்குப் பூமியே கோணல். வேலிக்கு அந்தப் பக்கம், டியெப் தின்று துப்பிய விதை வாத்துக் கொட்டிலுக்குப் பின்னால் முளைத்து, குடம் குடமாகக் காய்த்தது. "எப்படி வளத்தே?" என்று அவர் ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"துப்பினேன் அண்ணே."

அவருடைய பாத்தி இருந்த இடம் வீட்டின் முன்வாசல். பாலத்துக்குப் போகிற சாலை அதை ஒட்டித்தான் ஓடுகிறது. ஹுவே கடைத்தெருவில் அடுத்தவர் கூரை ஓரமாக ஒண்டிக்கொண்டு ஹூ தியூ நூடுல்ஸ் விற்பவள். மழை வந்தால் குண்டானைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். முன்வாசலில் ஒரு அடுப்பும் நாலு மேசையும் போட்டால் போதும் என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். போன டெட் புத்தாண்டு அன்று, முன்னோர் படங்களுக்கு முன்னால், டியெப்பும் பார்த்துக்கொண்டிருக்க, லியெம் வாக்குக் கொடுத்தார்: "அடுத்த டெட்டுக்கு என் பழத்தை இங்க வச்சு வெட்டுவேன். செவப்பா இல்லேன்னா இந்த வாசல் உன்னோடது." டெட் அன்று வெட்டும் தர்பூசணி சிவந்திருந்தால் அந்த வீட்டுக்கு வருடம் முழுக்க நல்லது. ஆகவே அவர் பந்தயம் வைத்தது வாசலை மட்டுமல்ல.

காயைப் பறிக்கும் நாளையும் அவர் காயிடம் விடவில்லை. தினமும் தாள் கிழிக்கிற நாட்காட்டியைப் பார்த்தார். சீட்டுக் கிழித்த கைக்கு அதுவே பெரிய ஆறுதல். சந்திரக் கணக்கில் பன்னிரண்டாம் மாதம் இருபத்தைந்து, டெட்டுக்கு ஐந்து நாள் முன்பு, காலை ஒன்பது முதல் பதினொன்று வரை, அறுவடைக்கு உத்தமம் என்று போட்டிருந்தது. கத்தியும் சிவப்புத் துணியுமாக இறங்கினார்.

ஹுவே குனிந்து பார்த்தாள். "காம்பு பக்கத்துல இருக்கற சுருள் இன்னும் பச்சையா இருக்குங்க. அது காயணும்னு எங்கப்பா சொல்வாரு. ஒரு பத்து நாள் விடலாமே."

"டெட்டு பத்து நாள் நிக்குமா? நாட்காட்டி போட்டவன் முட்டாளா?"

"அவன் உங்க காயைப் பாக்கலியே."

பெரிய காய் இரண்டும் பறிபட்டன. சதுரமாக வெட்டிய சிவப்புக் காகிதம் ஒட்டி, படங்களுக்கு இருபுறமும் உட்கார வைத்தார். ஹுவே அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

டெட் காலையில் வீட்டுக்குள் முதலில் காலடி வைப்பவர் ராசிக்காரராக இருக்க வேண்டும். ஊர் முழுக்க யோசித்துப் பார்த்த லியெம், தன்னைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை என்று கண்டு, தானே வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். நீலச் சட்டை. கொஞ்ச நேரத்தில் வாத்து முட்டைக் கூடையோடு டியெப்பும் வந்து சேர்ந்தாள். அவள் இதைத் தவறவிடுவாளா? லியெம் நல்ல நேரம் வரட்டும் என்றார். வந்தது. ஊதுபத்தி எரிந்து முடியட்டும் என்றார். அதுவும் முடிந்தது. ஹுவே கத்தியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

பழுத்த தர்பூசணி கத்தி பட்டதும் தானாகவே படீரென்று பிளக்கும். இது பிளக்கவில்லை. கத்தி முனகிக்கொண்டே அடிவரை போயிற்று. இரண்டு பாதியும் தட்டில் சாய்ந்தன. உள்ளே முள்ளங்கி வெள்ளை, நடுவில் வெட்கப்பட்டாற்போல ஒரு இளஞ்சிவப்பு. விதைகூடக் கறுக்கவில்லை.

"சமைச்சா நல்லாருக்கும் அண்ணே. வாத்து முட்டை போட்டு," என்றாள் டியெப். முழுப் பூசணியைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. டியெப் சோற்றையே கேட்டாள்.

லியெம் சிரிக்கவில்லை. எலியைச் சொல்லவில்லை, மழையைச் சொல்லவில்லை. நாட்காட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். அதில் ஆச்சரியமே இல்லை. ஐந்து நாளாக அவளுக்கு இது தெரியும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கேலி வரும் என்று காத்திருந்தார். அதுவும் வரவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இன்னொண்ணு இருக்குல்ல," என்றாள் ஹுவே மெதுவாக. "அது செவப்பா இருக்கும். டெட்டு மூணாம் நாள் வெட்டிக்கலாம்."

அதுவும் அதே நாள் பூத்தது, அதே மணிக்குப் பறித்தது. அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், வேலியில் எட்டிப் பார்த்த வாத்துக்கும் தெரியும்.

லியெம் கழுத்திலிருந்து ஊதலைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வாசலுக்கு நடந்தார். ஹுவே பின்னாலேயே வந்தாள். வைக்கோல் மேல் மிச்சமிருந்த இரண்டு பிஞ்சுகளும் வெயிலில் பளபளத்தன. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அடுப்பு அங்க வரட்டும். காத்து அடிக்காது," என்று வலது கையை நீட்டினார். ஆள்காட்டி விரல் நேராக, விறைப்பாக, இரண்டு பிஞ்சுக்கும் நடுவில் போய் நின்றது. "மேசை இந்தப் பக்கம்..."

ஹுவே பாய்ந்து வந்து அந்த விரலைப் பிடித்து மடக்கி, அவர் முஷ்டியைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.