பிரசவ சார்

போன திங்கட்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு தற்காலிக டீச்சர் வந்தார். லீவில் போயிருக்கும் கணக்கு டீச்சருக்குப் பதில். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதிருக்கும். ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்தது அவர் இடுப்பில் தொங்கிய சின்னப் பெட்டியைத்தான். அதிலிருந்து ஒரு வயர் கிளம்பி, கழுத்தைச் சுற்றி, வாய்க்கு முன்னால் வந்து நின்றது. பஸ் ஸ்டாண்டில் எலி மருந்து விற்கிறவர்கள் மாட்டியிருப்பார்களே, அதே சாமான்தான். பெட்டி ஒரு தடவை கீச்சென்று கத்த, ஆசிரியர் அறையில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டோம். தன் குரல் ரொம்பச் சின்னது என்றும் அதனால் ஆன்லைனில் வாங்கியதாகவும் அந்தப் பிள்ளை கூச்சத்தோடு சொன்னார். சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து எதையோ வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டார். வாசனை வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, சித்தரத்தை.

உங்களுக்குச் சித்தரத்தை வாசனை தெரியுமில்லையா? இஞ்சிக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் இஞ்சியை விடக் கறாரான ஆசாமி. மற்றவர்களுக்கு அது இருமல் மருந்து. எனக்கு அது என்னுடைய முதல் வேலையின் வாசனை.

வருஷக்கணக்காக வகுப்பில் கத்திக் கத்தி, இன்றைக்கு நான் பேசினால் மைதானத்தில் விளையாடுகிற பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்போது அப்படியில்லை. என் குரல் ஒரு கீச்சுக்குரல். போனில் பேசினால், "அம்மா, வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லியா?" என்று கேட்பார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் எங்கள் குடும்பமே குரலுக்குப் பேர்போனது. ஆற்றங்கரைப் பெருமாள் கோயில் ஊர். அப்பா பாசுரம் சொல்கிற கோஷ்டியில் குரலெடுத்தால் கோபுரத்துப் புறாக்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உட்காரும். என்னைக் கடைசி வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். நானும் பல வருஷம் பெருமாளுக்கு வாயை மட்டும் அசைத்திருக்கிறேன். அவரும் ஒன்றும் சொன்னதில்லை.

இந்தக் குரலை வைத்துக்கொண்டு நான் பி.எட். படித்தேன். படித்துவிட்டு நாலு வருஷம் சும்மா இருந்தேன். சும்மா இருந்தேன் என்றால், ஊரில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் பந்தியில் தண்ணீர் ஊற்றக் கூப்பிடுகிற ஆளாக இருந்தேன். அப்போதுதான் திருச்செந்தூருக்குத் தெற்கே, ஆலந்தலை தாண்டி ஒரு கடற்கரை ஊரில் அரசுப் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் பிரசவ லீவில் போகிறார், பதில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

பள்ளிக்கூடம் கடலைப் பார்த்து இருந்தது. ஐந்தாம் வகுப்புச் சுவரை ஒட்டி ஒரு ஐஸ் கொட்டகை. வள்ளங்கள் கரைக்கு வருகிற நேரம் பார்த்து, காலை பத்தரை மணிக்கு, அங்கே ஐஸ் உடைக்கிற மிஷினைப் போடுவார்கள். மதியச் சாப்பாடு வரைக்கும் அது பாறையை மென்று துப்புகிற மாதிரி சத்தம் போடும். அதற்கு மேல், மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று வேறு. தலைமையாசிரியை அம்மா ஒளிவு மறைவு இல்லாத மனுஷி. எனக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் ஒரே வாரத்தில் தொண்டை கட்டிப் போய்விட்டார்கள் என்று முதலிலேயே சொன்னார். என் குரலைக் கேட்டுவிட்டு ஐஸ் கொட்டகைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, பத்து நாள் கழித்து வாருங்கள், பெற்றோர் ஆசிரியர் கழகத்து ஆட்கள் முன்னால் ஒரு வகுப்பு எடுங்கள், அவர்கள் சரி என்றால் சரி என்றார்.

லீவில் போகவேண்டிய பிளாரன்ஸ் டீச்சர் வாசல் வரை கூட வந்தார். எட்டாவது மாதம். கேட்டால் லீவு கொடுத்துவிடுவார்கள். ஆனால் பதில் ஆள் இல்லாவிட்டால் அவருடைய ஐந்தாம் வகுப்பை நாலாம் வகுப்போடு சேர்த்து வராந்தாவில் உட்காரவைக்க வேண்டிவரும். அதற்கு அவருக்கு மனசு வரவில்லை. நடக்கவே சிரமப்பட்டுக்கொண்டிருந்தவர், தூணைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார்:

"நீங்க நெலச்சாத்தான் சார் நான் போவ முடியும். ஆஸ்பத்திரிக்குப் போவ ரெண்டு மட்டம் பையக் கட்டி, ரெண்டு மட்டமும் அவுத்துட்டேன்."

அதுவரைக்கும் எனக்கு வேலை கிடைக்குமா என்பது மட்டும்தான் கவலை. இப்போது ஒரு பிள்ளைத்தாச்சியின் பையும் என் தொண்டையில் வந்து தொங்கிக்கொண்டது.

அவர் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்தோரு பேரின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பெயர் தெரிந்துவிட்டால் பிள்ளைகள் அடங்கிவிடும் என்பது அவர் கட்சி. நான் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

அந்தப் பத்து நாளும் எங்கள் தெரு முழுக்க எனக்கு வைத்தியம் பார்த்தது. மிளகை நெய்யில் வறுத்துச் சாப்பிடு என்றார் ஒருவர். பனங்கற்கண்டை வாயிலேயே வைத்திரு என்றார் இன்னொருவர். அஞ்சல் அலுவலகத்தில் ஒரு நண்பர், எங்கள் வீட்டில் பெயரைக்கூடச் சொல்ல முடியாத ஒரு பொருளை உடைத்து அப்படியே குடிக்கச் சொன்னார். நாட்டு மருந்துக் கடைக்காரர்தான் சித்தரத்தையை அறிமுகப்படுத்தியவர். கழுத்தளவு தண்ணீரில் நின்று சாதகம் பண்ணினால் குரல் கணீரென்று திறந்துவிடும் என்று சொன்னதும் அவர்தான். அவருக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

விடியற்காலை ஆற்றில் இறங்கினேன். சாதகத்துக்குப் பாட்டா தெரியும் எனக்கு? பெயர்ப் பட்டியல்தான் மனப்பாடமாகியிருந்தது. கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அந்தோணி! மிக்கேல்! ரோஸ்லின்! வினோலியா! மூன்றாவது நாள் காற்று எனக்குச் சாதகமாக அடித்தது போலிருக்கிறது. அக்கரையில் நாற்று நட இறங்கிக்கொண்டிருந்தவர்கள் நாலைந்து பேர் வடத்தைத் தூக்கிக்கொண்டு தலைதெறிக்க ஓடி வந்தார்கள். ஒருவர் வேட்டியை வரிந்து கட்டித் தண்ணீரில் பாய்ந்தேவிட்டார்.

"எத்தன பேருய்யா?" என்று கேட்டார் நீந்திக்கொண்டே.

எனக்கு அந்த நேரத்தில் புத்தி எங்கே போனதோ, "நாப்பத்தோரு பேரு" என்றேன்.

கரையில் நின்ற பெரியவர் அப்படியே தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார். விஷயத்தை விளக்கிச் சொல்ல அரைமணி நேரம் ஆயிற்று. அவர்கள் திட்டிய திட்டை நான் இங்கே எழுத முடியாது. நான் ஈரத் துண்டோடு வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. திட்டு விழப்போகிறது என்று நின்றேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார். "அக்கரை வரைக்குமா கேட்டுது?" என்றார். ஆமாம் என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை என் பரீட்சை முடிவு எதற்கும் நான் பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கெடுத்தது. ஒரு மணி நேரம் கத்திக்கொண்டிருந்தவன் மூன்று மணி நேரம் கத்தினேன். காலையும் கத்தினேன், சாயங்காலமும் கத்தினேன். ஒன்பதாவது நாள் குரல் கரகரத்தது. பத்தாவது நாள் விடிந்தபோது அம்மா காபி வேண்டுமா என்று கேட்டாள், நான் வேண்டும் என்றேன், ஒன்றும் வெளியே வரவில்லை. வெறும் காற்று.

பஸ்ஸில் போகும்போது ஒரு பொட்டலம் சித்தரத்தை முழுவதையும் மென்று தீர்த்தேன். நாக்கு மரத்துப்போனதுதான் மிச்சம். இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பிளாரன்ஸ் டீச்சர் மூன்றாவது தடவையாகப் பையை அவிழ்க்கிற காட்சி கண்ணுக்குள் வந்து நின்றது, போய்ச் சேர்ந்தேன்.

வகுப்பின் கடைசியில் இரண்டு தாய்மார்களும், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அண்ணாச்சியும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சிக்கு இரண்டு வள்ளம் சொந்தம், சிரிக்காத முகம். ஜன்னலுக்கு வெளியே பிளாரன்ஸ் டீச்சர். நான் எடுக்க வேண்டிய பாடம், தண்ணீரின் மூன்று நிலைகள். வாயைத் திறந்தேன். காற்று வந்தது. பிள்ளைகள் முதலில் முழித்தார்கள், பிறகு ஒருவன் சிரித்தான், பிறகு வகுப்பே சிரித்தது. சரியாக அந்த நேரம் பார்த்து ஐஸ் மிஷினைப் போட்டுவிட்டார்கள். அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னலில் டீச்சர் முகம் தொங்கிப்போயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது என்று சொல்வதற்கு இப்போது வெட்கமில்லை.

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்றாள். என்னைப் பார்த்துக் கையைத் தலைக்கு மேலே தூக்கி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். என்ன விஷயம் என்று கேட்கிறாள், அது யாருக்கும் புரியும். நான் தொண்டையைத் தொட்டுக் கையை விரித்தேன். அவள் வகுப்பைப் பார்த்து இரண்டு கையையும் குறுக்கே வெட்டினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு அப்புறம்தான் தெரியும். வள்ளத்தில் என்ஜின் ஓடும்போது பேச்சு கேட்காது. மெதுவாகப் போ, வலையை இழு, கயிற்றை விடு, எல்லாம் கையால்தான். கரையில் நிற்கிற பெண்கள் மீன்பாடு எப்படி என்று கேட்பதும், வள்ளத்திலிருந்து பதில் வருவதும் கையால்தான். அந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது நடக்கத் தெரிவது மாதிரித் தெரியும். நான் பலகையில் ஒரு ஐஸ் கட்டியை வரைந்து, பக்கத்துக் கொட்டகையைக் காட்டினேன். நாற்பத்தோரு பிள்ளைகளும் உள்ளங்கையில் முட்டியால் குத்திக் காட்டினார்கள். அது ஐஸ். சூரியனை வரைந்தேன். குத்தின கை தளர்ந்து அலையாடியது, தண்ணீர். கீழே அடுப்பு வரைந்தேன், விரல்கள் எல்லாம் நெளிந்து நெளிந்து மேலே போயின. ஆவியானது திரும்ப எப்படித் தண்ணீராகும் என்று கையாலேயே கேட்டேன். பிள்ளைகள் யோசித்தார்கள். கடைசி வரிசையில் ஒரு பெரிய கை எழும்பி, விரல்களை மெல்ல மெல்லக் கீழே இறக்கிக் காட்டியது. அண்ணாச்சி. தான் வந்தது எதற்கு என்பதே அவருக்கு மறந்துவிட்டிருந்தது.

மிஷின் நின்றதும் அவர் எழுந்தார். "சத்தம் போடாத வாத்தியார இப்பதான் பாக்கேன். இவரே இருக்கட்டும்" என்றார் தலைமையாசிரியை அம்மாவிடம்.

பிளாரன்ஸ் டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இனி நான் நிம்மதியா பெத்துக்கிடுவேன் சார்" என்றார். அடுத்த வாரம் போனார், பெண் குழந்தை, சுகப்பிரசவம்.

ஒரு வாரத்தில் குரலும் திரும்பி வந்தது, பழைய கீச்சுக்குரலாகவே. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பத்தரை மணி வரைக்கும் வாயால் பாடம், அதற்கு மேல் கையால். ஊரில் என் பெயர் பிரசவ சார். பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடையில், "பிரசவ சார் வாராவ, ஒரு டீ போடு" என்பார்கள். முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. சைகையெல்லாம் சொல்லிக்கொடுத்தது அந்தக் கடைசிப் பெஞ்சு வினோலியாதான். நான் தப்பாகக் காட்டினால் தலையில் அடித்துக்கொள்வாள்.

லீவு முடிந்து பிளாரன்ஸ் டீச்சர் வந்தார். நியாயம்தானே, அவர் வகுப்பு. குழந்தையை என் கையில் கொடுத்தார், அதுவும் தன் பங்குக்கு என் சட்டையை நனைத்தது. விடைபெற்றுக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். ஐஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரில் வினோலியா ஏறி நின்றாள். விரல்களை மடக்கி முஷ்டியைத் தோளுக்கு மேலே தூக்கி, கீழே இறக்கி இறக்கிக் காட்டினாள். அது எனக்குத் தெரியாத சைகை. நான் அசட்டுத்தனமாக டாட்டா காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பஸ் கிளம்பிவிட்டது.

பக்கத்து சீட்டில் அண்ணாச்சி இருந்தார், திருச்செந்தூருக்கு வந்துகொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன்.

"அதுவா? நங்கூரத்தப் போடுன்னு சொல்லுதா. நில்லு, போவாதன்னு அர்த்தம்" என்றார். அதற்குப் பதில் சைகையையும் அவரே காட்டினார். கையை நெஞ்சில் வைத்து, பிறகு கரையைக் காட்ட வேண்டும். போய்விட்டுக் கரைக்குத் திரும்பி வருவேன் என்று அர்த்தம். நான் பஸ்ஸிலேயே இரண்டு மூன்று தடவை செய்து பார்த்தேன். அடுத்த வாரமே ஒரு நடை வந்து அவளிடம் காட்டிவிடவேண்டும் என்று நினைத்தேன்.

போகவில்லை. அடுத்த வாரம் அடுத்த மாதமாயிற்று, பிறகு வேறு ஊர், வேறு பள்ளிக்கூடம், பிறகு நிரந்தர வேலை. ஒருநாள் போய் நின்றபோது அந்தப் பிள்ளைகள் எல்லாம் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய், அங்கிருந்தும் போய்விட்டிருந்தார்கள். வினோலியா குடும்பம் கேரளாப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஐஸ் இப்போது டவுனிலிருந்து லாரியில் உடைத்தே வருகிறதாம், கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். ஐந்தாம் வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்தது, உள்ளே டீச்சர் பேசுவது ரோடு வரைக்கும் கேட்டது.

நேற்று மூன்றாம் பீரியடில் புது டீச்சரின் பெட்டியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. வராந்தாவில் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். நானும் ஏதோ ஞாபகத்தில் கையை நெஞ்சில் வைத்து, அந்தக் கடற்கரை இருக்கிற கிழக்குப் பக்கம் காட்டினேன். என்ன சார் என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன்.

பதில் இன்னும் கையிலேயே இருக்கிறது. வாங்கிக்கொள்ள அந்தச் சுவரில் அவள் இல்லை. போன மழையில் அந்தச் சுவரும் விழுந்துவிட்டதாம்.