போகியன்று ஆவாரை

கழுகுமலையிலிருந்து கோவில்பட்டி போகும் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்கிறேன். கரிசல் முடிந்து சுக்கான்பாறை தொடங்கும் மேட்டில் மண் என்று சொல்ல ஏதுமில்லை. ஆவாரை மட்டும் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கிறது. ஒரு பெண் அதைப் பறித்துக்கொண்டிருக்கிறாள். கிளை லேசில் ஒடிவதில்லை. திருகித் திருகிப் பட்டையோடு உரித்தெடுக்கிறாள். மடியில் வேப்பங்குழையும் இருக்கிறது. இன்று போகி. பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வீடு வாசலில் இதைத்தான் காப்பாகச் செருகுவார்கள்.

“வீட்டுக்குக் காப்பா?” என்று கேட்கிறேன்.

“ஆமா அண்ணாச்சி” என்றவளின் கை அப்படியே நின்றுவிடுகிறது.

“இல்ல… எங்க வீட்ல இந்த வருசம் பொங்கல் கெடையாது. கார்த்திகையில எங்க வீட்டுக்காரவிய தவறிட்டாவ. வருசா வருசம் வார எடம்லா, கை தன்னால பறிச்சிட்டு.”

சாவு விழுந்த துட்டி வீட்டில் அந்த வருசம் காப்புக் கட்டமாட்டார்கள். நான் கேட்காமல் இருந்திருக்கலாம்.

கொத்தைக் கீழே போடப்போகிறாள் என்று நினைக்கிறேன். அவளோ சாலைக்கு அந்தப் பக்கம் பார்க்கிறாள். அங்கே கரிசலில் உளுந்து காய்பிடித்து நிற்கிறது.

“அது அவிய வெதச்சது. துட்டி வீட்டுக்குத்தான, புஞ்சைக்கு இல்லல்லா?”

யாரென்றே தெரியாத என் முகத்தைப் பார்த்து நிற்கிறாள்.

“இல்லம்மா” என்கிறேன்.

கண்டக்டர் கூப்பிடுகிறார். ஏறி ஜன்னல் வழியே பார்க்கிறேன். வயலின் ஈசானி மூலையில் குனிந்து காப்பை ஊன்றுகிறாள். நிமிர வெகுநேரமாகிறது.