நுண்ணுயிர்களுக்குப் போட்ட தீனி

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவில் எனக்கு வேலை. பனியன் துணிக்குச் சாயம் ஏற்றியபின் வரும் தண்ணீரைத் தொட்டியில் விட்டு, அதிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்களைக் கொண்டு தின்னவைப்பது எங்கள் தொழில். அவை சோர்ந்துபோனால் சாணியும் வெல்லப்பாகும் கரைத்து ஊற்றுவோம், மறுபடி தெம்பாகிவிடும். ஊர் அழுக்கையெல்லாம் சுத்தம் செய்கிறவனுக்குச் சொந்த வயிறு மட்டும் சொன்ன பேச்சு கேட்காது.

நல்ல காரியம் என்றால் போதும், அது முந்திக்கொள்ளும். எந்த மண்டபத்துக்குப் போனாலும் மணமேடைக்கு முன்னால் கழிப்பறை எங்கே என்றுதான் பார்த்துவைப்பேன். தங்கையின் மூத்த மகளுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் என்று என் மடியில்தான் பிள்ளையை உட்காரவைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்த நேரத்தில், பிள்ளையைப் பக்கத்திலிருந்தவர் மடிக்கு மாற்றிவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது இரண்டு காதிலும் கம்மல் இருந்தது. தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டாவது மகளுக்கு உடுமலைப்பேட்டையில் காதுகுத்து என்று முடிவானதும் போன் செய்தாள். "ஏனுங்கண்ணா, இந்தத் தடவையாச்சும் குத்தி முடிக்கறவரைக்கும் எந்திரிக்காம உக்காந்திருப்பீங்களா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டரம்மாவிடம் போனேன். பரிசோதனையெல்லாம் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, குடல் எரிச்சல் நோய்தான் என்று சொல்லி, புரோபயாடிக் கேப்சூல் எழுதிக் கொடுத்தார். "உள்ள இருக்கறது நல்ல பாக்டீரியாங்க. சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. ஒரு மாசம் சாப்பிட்டுப் பாருங்க."

பாக்டீரியா என்று கேட்டதும் எனக்குப் படு தெம்பு. அதை வளர்ப்பதுதானே நம் பிழைப்பு! பாவம், புது இடம். பட்டினி போட்டால் எப்படி வேலை செய்யும்? கேப்சூலை விழுங்கிய கையோடு, பெரிய டம்ளர் பாலில் நாட்டுச்சர்க்கரையை அள்ளிப்போட்டுக் குடிக்க ஆரம்பித்தேன்.

"என்னங்க இது, கன்னுக்குட்டிக்கு ஊட்டற மாதிரி?" என்றாள் மனைவி.

"உனக்கென்ன தெரியும்? தீனி போட்டாத்தான் அது பெருகும்" என்று தொழில் ரகசியத்தை எடுத்துவிட்டேன். சாணி கரைக்காததற்குச் சந்தோஷப்படச் சொன்னேன்.

தொட்டிக்குக் காற்றடிக்கப் பட்டறையில் மோட்டார் உண்டு. என் வயிறு மோட்டார் இல்லாமலே நுரைத்தது. கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்று, "தொட்டி காலியாயிருச்சுங்களா?" என்று மனைவி விசாரிக்கும் நிலைமை வந்தது.

மறுபடி டாக்டரம்மா. பால் கதையைக் கேட்டதும் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க, நான் மருந்து குடுத்தது உங்க வயித்துக்குங்க, பட்டறைத் தொட்டிக்கு இல்லீங்க. உங்களுக்குப் பால் ஒத்துக்காது போல. பாலையும் சக்கரையையும் நிறுத்துங்க. கேப்சூல் மட்டும் போதும்."

நிறுத்தினேன். வயிறு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கேப்சூல் வேலை செய்ததா, பாலை நிறுத்தியதால் சரியானதா, தெரியாது. டாக்டரம்மாவும் அடித்துச் சொல்லவில்லை. பயம் மட்டும் குறையவே இல்லை.

காதுகுத்து அன்று புது வேட்டி கட்டிக் கோயிலில் உட்கார்ந்தேன். பாப்பாவை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் வயிறு ஒரு புரட்டுப் புரட்டியது. தங்கை ஊசியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் காது குத்தியதும் பாப்பா வீறிட்டு என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடியை விலக்கிவிட்டு எப்படி எழுந்திருப்பது? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது காதும் முடிந்தது. அப்போது மடியில் சூடாக ஏதோ பரவியது. எனக்கு உயிரே போய்விட்டது. குனிந்து பார்த்தேன். பாப்பாதான்.

"ஐயோ, புது வேட்டிங்க!" என்று மனைவி பாப்பாவைத் தூக்க வந்தாள்.

தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டுங்கண்ணி. எங்கண்ணன் இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கட்டும்." அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். ஈர வேட்டியோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.