அக்கா நிறுத்த விடாத பதிவு

திரையின் நடுவே சுற்றிக்கொண்டே இருந்த சின்ன வட்டம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. திண்டிவனத்தில் ஒரு தனியார் கண் மருத்துவமனைக்கு, விழுப்புரத்தில் இருந்த எங்கள் சிறிய நிறுவனம் முன்பதிவு இணையதளம் செய்து கொடுத்திருந்தது. எழுதியவன் நான். யார் எந்தப் பொத்தானை அழுத்தினாலும், ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தாலும்கூட, அதை ஒரு பதிவில் குறித்துவைத்த பிறகே தளம் அடுத்த வேலைக்குப் போகும்படி அமைத்திருந்தேன். காலையில் கூட்டம் சேர்ந்தால் எல்லாம் நின்றுபோகும்.

"அந்தப் பதிவே வேணாம், எடுத்துடுப்பா" என்றார் மருத்துவமனையை நடத்திய டாக்டர். எனக்கும் அதுவே சுலபமாகத் தோன்றியது. மறுத்தவர் வரவேற்பு மேசையில் இருந்த அக்கா. வட்டம் சுற்றும்போதெல்லாம் நோயாளிகளிடம் பேச்சு வாங்கியவரும் அவர்தான்.

"வேணாம் தம்பி. லேட்டானா நான் சமாளிச்சிக்கினு போறேன். நான் என்ன பண்ணேன்னு அதுல இல்லாட்டி, பண்ணாததையும் என் தலையிலதான் கட்டுவாங்க."

விழுப்புரம் திரும்பும் பேருந்தில் அந்தச் சொல் என்னை விடவில்லை. பிழை தேட எனக்கு உதவும் வசதி என்று மட்டுமே பதிவை நினைத்திருந்தேன். ஒருவருடைய வேலையே அதை நம்பி இருக்கக்கூடும் என்று தோன்றியதில்லை. இன்று எந்த வேலையை எடுத்தாலும் அதைத்தான் முதலில் யோசிக்கிறேன். அப்போது இரண்டு வாரம் உட்கார்ந்து தளத்தை மாற்றினேன். வெறுமனே பார்ப்பதை விட்டுவிட்டு, சேர்ப்பது, திருத்துவது, நீக்குவது ஆகியவற்றை மட்டும் குறிக்கச் செய்தேன். குறிப்புகளை உடனுக்குடன் எழுதாமல் தனி வரிசையில் சேர்த்து, சில நொடிகளுக்கு ஒருமுறை மொத்தமாக எழுதவைத்தேன். அதற்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை என்றானது.

சில மாதம் கழித்து, ஒரு காலையில் அக்கா போன் செய்தார். கிளியனூரிலிருந்து ஒரு விவசாயி தன் அம்மாவை அறுவை சிகிச்சைக்கு அழைத்து வந்திருக்கிறார்; அன்றைய பட்டியலில் பெயர் இல்லை, மறுநாளுக்கு மாறியிருக்கிறது. மாற்றியது அக்காதான் என்று டாக்டர் எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டிருக்கிறார்.

"ஜல்தி பாரு தம்பி" என்று அவசரப்படுத்தினார்.

பார்த்தேன். முந்தைய நாள் மாலை, டாக்டரின் கைப்பேசியிலிருந்து, டாக்டரின் பெயரிலேயே தேதி மாற்றப்பட்டிருந்தது. எங்களுக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் அவர். "ஸ்பீக்கர்ல போடுங்கக்கா" என்று சொல்லி, இருந்ததை அப்படியே படித்தேன்.

டாக்டர் சிரித்தார். "நான்தாம்மா. வேற ஒருத்தர மாத்தப் போயி இவங்கள மாத்திட்டேன். தப்பா நெனச்சிக்காத." அந்த அம்மாவுக்கு அன்றே அறுவை சிகிச்சை செய்வதாக விவசாயியிடம் சொன்னார். அதன் பிறகுதான் என்னிடம் கேட்டார்: "ஏம்பா, என் பேரும் அதுல வருமா?"

நான் வாய் திறப்பதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டார்: "எல்லார் பேரும் வரும் சார்."