எழுந்தால் பாட்டு இறங்கும்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஸ்பிரிங் என்று பட்டப்பெயர் விழுந்தால், அது தொழிலால் வந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இவனுக்கு வந்தது இருப்புக்கொள்ளாத உடம்பால். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் தண்ணீர் எடுக்க ஒருமுறை எழுவான், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்க இன்னொருமுறை எழுவான். முடிவெட்டுகிறவர் இவன் தலையைக் கண்டாலே பெருமூச்சு விடுவார். கல்யாணப் போட்டோவில் எல்லோரும் பளிச்சென்று இருக்க, மாப்பிள்ளை மட்டும் கலங்கலாக இருக்கிறான்.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு பழைய ராக் குழுவின் மேல் பைத்தியம். நாலு பேர், தோள்வரை முடி, காதைக் கிழிக்கும் கிடார். குழு கலைந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் அதன் ரசிகர்களில் ஒருவரான அச்சகக்காரர் வீட்டு மாடியில் அது இன்னும் கலையவில்லை. வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரசிகர்கள் அங்கே கூடுவார்கள். இசைத்தட்டுகளைப் போட்டுக் கேட்டு, எந்தப் பாட்டு முதல், எது கடைசி என்று வரிசைப்படுத்துவார்கள். பாட்டுகளுக்கு அவர்களாக வைத்த பெயர்கள்தான் அங்கே செல்லும்: ரயில் பாட்டு, நாய்ப் பாட்டு, நீளப் பாட்டு.

முன்பெல்லாம் கை தூக்கித்தான் ஓட்டு. ஒரு வருஷம் ரயிலா நாயா என்று பேச்சு முற்றி, யாரோ அச்சகக்காரரின் சட்டைக் காலரைப் பிடிக்கும் வரை போய்விட்டது. அன்றைக்குத்தான் கூட்டத்தில் இருந்த பல் டாக்டர் ஒரு விதி கொண்டுவந்தார்.

"வாயை நம்பாதீங்கய்யா, அதோட லட்சணம் எனக்குத்தான் தெரியும். பாட்டு ஓடறப்போ யார் எழுந்தாலும் அந்தப் பாட்டு ஒரு படி இறங்கும். அவ்வளவுதான்."

விதி நன்றாகத்தான் இருந்தது. மாட்டிக்கொண்டது ஸ்பிரிங். அவனால் முழுசாக உட்கார்ந்து கேட்க முடிந்தது ரயில் பாட்டு ஒன்றைத்தான். அவன் கால் ஆடுகிற வேகத்திலேயே அதுவும் ஓடும். அதனால் ரயில் எப்போதும் முதலிடம். நீளப் பாட்டு பாதியில் அடங்கும். எல்லா வாத்தியமும் ஓய்ந்து, ஒற்றைக் கம்பி மட்டும் அதிரும். சரியாக அங்கே இவனுக்கு நாற்காலி சுடும். எழுந்து ஜன்னல் பக்கம் போவான். பாட்டு இறங்கும். வருஷா வருஷம் இறங்கி இறங்கி, அது அடிமட்டத்தில் கிடந்தது.

அந்தப் பாட்டுதான் அவன் மனைவிக்கு உயிர்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கல்யாணத்துக்கு முன் ஒருநாள் இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்டில் அகப்பட்டுக்கொண்டாள். பழுதுபார்க்க ஸ்பிரிங்கோடு வந்த ஆள் பிரேக்கைத் தளர்த்த மேலே மோட்டார் அறைக்கு ஓடினான். உள்ளே இருப்பவள் பயப்படாமலிருக்கக் கதவருகே நின்று பேச்சுக் கொடுப்பது ஸ்பிரிங்கின் வேலை. பேச ஒன்றும் தோன்றாமல் நீளப் பாட்டை முனகினான்.

"அது அப்படி இல்லீங்க, இழுத்துப் பாடணும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

கதவுக்கு அந்தப்புறமும் இந்தப்புறமுமாக இருவரும் பாட்டை முடித்தார்கள். அவன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அந்த மனுஷனை நம்பித்தான் அவள் கழுத்தை நீட்டினாள். கதவு திறந்தபிறகு அவன் ஓரிடத்தில் நிற்கிற ஆளே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

இந்த வருஷம் அவளும் மாடிக்கு வந்தாள். வேறு ஊரில் திறக்கும் புதுக் கிளையைப் பொறுப்பேற்று நடத்த அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அதைப் பற்றிப் பேச உட்காரும்போதெல்லாம் அவன் எதற்காவது எழுந்து போனான். படியேறும்போது சொன்னாள்:

"நாளைக்கு நான் பதில் சொல்லியாகணும். தனியா போறேன்னு சொல்லிடலாம்னுதான் இருக்கேன். இன்னிக்கு அந்தப் பாட்டு முடியற வரைக்கும் என் பக்கத்துல உக்காருங்க. அதுக்கப்புறமாவது பேச முடியுதான்னு பார்ப்போம்."

நீளப் பாட்டு தொடங்கியதும் அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்தான். வாத்தியங்கள் அடங்கின. ஒற்றைக் கம்பி அதிர்ந்தது. முதுகு வியர்த்தது, பல்லைக் கடித்தான். மின்விசிறி கடகடவென்றது, அதற்கு எண்ணெய் விட வேண்டும். ஜன்னல் கொக்கி ஆடியது, அதை முடுக்க வேண்டும். பல் டாக்டர் பாட்டை விட்டுவிட்டு இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. அவன் எழவில்லை.

"ஸ்பிரிங்கு உக்காந்துட்டான்யா!" என்று அச்சகக்காரர் கத்தினார். ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். அவன் ஜெயித்த முகத்தோடு மனைவியைப் பார்த்தான்.

"நடுவுல பாடகர் லேசா சிரிப்பாரே, கேட்டுச்சா?" என்றாள்.

அவனுக்குக் கேட்கவில்லை. உட்கார்ந்திருக்கிற வேலையிலேயே மொத்தப் பாட்டும் போய்விட்டது. இல்லையென்று தலையாட்டினான்.

"அன்னிக்கு நான் உள்ள மாட்டிக்கிட்டிருந்தேன், அதனால நின்னீங்க" என்றாள். "இப்பவும் மாட்டிக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

அதற்குள் அச்சகக்காரர் ரயில் பாட்டைப் போட்டுவிட்டார். அவள் எழுந்து படிக்கட்டுப் பக்கம் நடந்தாள்.

"ஐயோ தங்கச்சி, ரயில் இறங்குதே!"

ஸ்பிரிங்கும் எழுந்தான்.

"டேய், நீயுமா? உன் பாட்டுடா அது! நாய் முதலிடத்துக்கு வந்துரும்டா!"

"வரட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

அவள் மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தான். என்ன பேசுவதென்று இப்போதும் தெரியவில்லை. நீளப் பாட்டைத் தொடக்கத்திலிருந்து முனக ஆரம்பித்தான், சுருதி எங்கெங்கோ போனது. வாத்தியங்கள் அடங்குகிற இடம் வந்ததும் நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி வரும்" என்றாள்.

முனகினான்.

"இங்க. இங்கதான் சிரிப்பாரு."

அவன் கால் படபடவென்று ஆடியது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. கைப்பிடிக் கம்பியே அதிர்ந்தது. அவள் அவன் முழங்காலில் கை வைத்தாள். அப்படியும் நிற்கவில்லை.

"கால் ஆடினா ஆடட்டும்" என்றாள். "நீங்க எழுந்து போயிடாதீங்க."